துருவியல்: ஓர் அம்பாசிடரை முன்வைத்து

துரு என்பது யாது? இரும்பும் நீரும் உயிர்வளியும் கூடிப் பெற்ற செம்பொருள் என்பர் வேதியியலார். அது குறைபட்ட இலக்கணம். என்னை? கேட்பாரற்றுத் தெருமுனையில் கிடக்கும் காருக்கும், தினமும் குளிப்பாட்டிக் கவர் போர்த்தி விபூதியிட்டு நிறுத்தும் காருக்கும் துரு ஒருங்கே வருவதை அது விளக்கவில்லை. ஆகலின் ‘உரிமையாளரின் அன்பு’ என்னும் நான்காம் மூலப்பொருளை இவ்வாய்வு முன்மொழிகிறது.

ஆய்வுக்களம் நெய்தல். பிற திணைகள் நமக்கு வேண்டா. பாலையில் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே கிடந்தால் துருவுக்கு ஊக்கமில்லை. குறிஞ்சியில் மூட்டம் உண்டு, உப்பு இல்லை. நெய்தலிலோ கடற்காற்று உப்பைச் சுமந்துவந்து தகட்டின்மேல் வைத்துவிட்டுப் போகிறது. துருப்பிடிப்பது மின்வேதி வினை. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மிச்சத்தை நாமே ஊகிக்கலாம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் இதனோடுதான் மல்லுக்கட்டியது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இதை ஆராய மண்டபத்தில் தனியிடமே வைத்திருக்கிறது. அதே ஆராய்ச்சியைப் பெசன்ட் நகர்வாசிகள் சொந்தச் செலவில், வீட்டு வாசலில் நடத்துகிறார்கள்.

மாதிரிப்பொருள் அம்பாசிடர். 2014இல் உற்பத்தி நின்றபின் மிஞ்சியவை பெரும்பாலும் அன்புக்கு ஆட்பட்டவையே என்பதால் இத்தேர்வு. “அந்தக் காலத்துத் தகடு சார், துருவே பிடிக்காது” என்பாரும் உளர். பிடிக்கும். ஓட்டை விழ நாளாகும், அவ்வளவே.

இனி அன்பின் செயல்முறை. முதலாவது கார் கவர். மழையில் நனைந்த வண்டியைத் துடைத்தும் துடைக்காமலும் போர்த்த, உள்ளே அகப்பட்ட ஈரம் போக வழியின்றி இரவெல்லாம் தகட்டோடு குடித்தனம் நடத்துகிறது. இரண்டாவது ரப்பர் மேட். மழைக்காலத்துக் கால்கள் கொண்டுவரும் நீர் மேட்டுக்கு அடியில் இறங்கிக் கார்ப்பெட்டில் ஊறும். மேலே பார்த்தால் பளிச்சென்று இருக்கும். மூன்றாவதே தலையாயது: தினமும் கழுவுதல், அதுவும் கடலோரத்து உப்பேறிய போர் தண்ணீரில். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் நீர் வெளியேறவென்றே கதவின் அடியில் சிறு துளைகள் உண்டு. வேப்பிலைச் சருகும் மண்ணும் அவற்றை அடைக்க, நீர் உள்ளேயே நிற்கிறது. துரு உட்புறம் தொடங்கி வெளியே நடக்கிறது. தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்பது துருவின் இயல்பு. ஆகவே பெயிண்ட் கொப்புளிக்கிறது. கொப்புளத்தைக் கண்டவர் “இப்பதான் சார் ஆரம்பிச்சிருக்கு” என்கிறார். அது முடிவுரை.

(ஆயுதபூஜையன்று பானெட்டில் குழைத்துப் பூசும் சந்தனம் எத்தனை மணிநேரம் ஈரம் காக்கும் என்பதையும் அளந்திருக்கலாம். ஆய்வாளருக்குத் துணிவில்லை.)

டெல்லி இரும்புத்தூண் 1600 ஆண்டாகத் துருப்பிடிக்காமல் நிற்கிறதே எனின், அதில் பாஸ்பரஸ் மிகுதி. அது தன்மேல் ஒரு காப்புப்படலத்தை வளர்த்துக்கொண்டது என்பர் உலோகவியலார். நாம் சேர்ப்பது ஒன்றே: அத்தூணுக்கு யாரும் கவர் போர்த்தவில்லை.

பரிகாரத்தில் மூன்று கொள்கையர் உளர். பட்டிக் கொள்கையர் மேலாக எமரி தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, மாலையில் வண்டியைத் தருவர். பட்டி ஈரம் உறிஞ்சும். அடியில் துரு உயிரோடிருக்கும். அடுத்த ஐப்பசிக்குள் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பும். வெட்டிக் கொள்கையர் வெள்ளை இரும்பு தெரியும்வரை அறுத்தெறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டு அடித்து, உட்புறமும் பிரைமர் பூசி, மூட்டுகளில் சீலன்ட் இட்டு முடிப்பர். செலவு கூடும், நாளும் கூடும். ரன்னிங் போர்டு, ஃப்ளோர் முதலிய பாரம் தாங்கும் இடங்களில் இவர் மதமே நம் மதம். மூன்றாமவர் மாற்றுக் கொள்கையர்: உதிர்துருவைச் சுரண்டிவிட்டு, மிஞ்சியதன்மேல் டானிக் அமிலக் கரைசல் தடவ, அது நீலங்கலந்த கருமையாய் உறைகிறது. கடுக்காய்ச் சாறேறிய துணியில் இரும்பும் வெல்லமும் புளித்த நீரால் கலம்காரிக்காரர் கருங்கோடு இழுப்பதும் இதே வினைதான். மேல்துருவுக்கு இது போதும். ஓட்டைக்குப் போதாது, ஓட்டையில் தடவ எதுவும் இல்லை.

வருமுன் காப்போர்க்குச் சிலவே விதி: கதவடித் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து வை, மேட்டைத் தூக்கி வெயில் காட்டு, நல்ல தண்ணீரால் வண்டியின் அடிப்புறத்தையும் கழுவி உலரவிடு, கல் பட்டுப் பெயிண்ட் தெறித்த இடத்தை அன்றே மூடு, கதவு உட்புறம் மெழுகு அடி. பழைய என்ஜின் ஆயிலை அடியில் பீய்ச்சுவது பட்டறை மரபு. தகடு தப்பும், ரப்பர் புஷ்கள் ஊதும்.

எஞ்சியது விற்பனை இயல். வாங்க வருபவர் காந்தத்தோடு வருவது வழக்காறு. தகட்டில் ஒட்டும், தடித்த பட்டியில் வழுக்கும். இதை அறிந்த உரிமையாளர் முதலில் காட்டுவது கூரையை. அங்கே நன்றாகவே ஒட்டும்.