அன்பானும் முந்திரிக்கொத்தும்

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்த்துத் திரும்பும் நாஞ்சில் நாட்டு அன்பர்கள், அங்குள்ள ஜப்பானிய ரொட்டிக்கடைகளில் தட்டும் இடுக்கியும் ஏந்தி, சந்நிதியில் நிற்பவர்போல் வாய்பொத்தி நகர்ந்து, இனித்த பயற்று விழுது பொதிந்த ‘அன்பான்’ என்னும் பதார்த்தத்தைத் தரிசித்த வரலாற்றைக் கூறும்போது, கேட்கும் நமக்கே மெய்சிலிர்க்கிறது. 1874-இல் கிமுரா குடும்பத்தார் கண்டுபிடித்து, அடுத்த ஆண்டே நடுவில் உப்பிட்ட செர்ரிப்பூ பதித்து மெய்ஜி சக்கரவர்த்திக்குச் சமர்ப்பித்த பண்டமல்லவா!

நம் வீட்டு முந்திரிக்கொத்திலும் பயறும் வெல்லமும் மாவுக்குள் ஒளிந்துதான் இருக்கின்றன; ஆயினும் மூன்று மூன்றாய் ஒட்டிக்கொண்டு, எவர்சில்வர் டப்பாவில் கிடந்து, அத்தைமார் வெறுங்கையாலேயே எடுத்துக் கொடுக்கும் வஸ்துவுக்கு மரியாதை எங்ஙனம் சித்திக்கும்? ஆதலால் அதனைக் கொத்திலிருந்து பிரித்து, ஒற்றையாய்க் கண்ணாடிப் பேழையில் வைத்து, தோவாளைச் சந்தைப் பிச்சிப்பூ ஒன்றை உப்பிலிட்டு உச்சியில் பதித்து, இடுக்கியால் மட்டுமே தீண்டலாம் என்று விதி செய்தல் உத்தமம். விலை, வாங்குபவர் திடுக்கிடுமளவு இருக்கவேண்டும். பக்தி அங்கேதான் பிறக்கிறது.

காரப் பிரியர்களுக்கோ, அதே ஜப்பானியக் கடைகளில் குழம்பைப் பொதிந்து எண்ணெயில் பொரித்த ரொட்டி உண்டு. டோக்கியோவின் நாகமுராயா ரொட்டிக்கடையார் 1927-இல் திறந்த உணவுச்சாலையில் இந்தியக் குழம்பை அரங்கேற்றியவர், ஆங்கிலேயர் பிடியினின்று தப்பி முன்னர் அவர்களிடமே ஒளிந்திருந்த இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ். குழம்புக்கே தேசாந்தரம் போனபின்தான் கௌரவம் வாய்த்ததென்றால், முந்திரிக்கொத்தை இந்தத் தீபாவளிக்குச் சுடாமல், முதலில் அதற்கொரு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதே முறை. விசாரணைக்கு வரும் போலீஸ்காரருக்கு மட்டும் நாலைந்து சுட்டுவைத்தால் போதும்.