பத்து மணி ஆராதனைக்கு ஒரு பாராட்டுரை

தியாகராய நகரில் புதிதாகச் சபை தொடங்கும் இளம் போதகர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 1920-களில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய பேட்டை இது. பட்டுக்கும் பாத்திரத்துக்கும் பொன்னுக்கும் ஏற்கெனவே இங்கே கூட்டம் முட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த ஒரு முழம் இடம் கிடைக்காது. அந்த நெரிசலிலும் முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்து, கல்யாண மண்டபத்தை அரை நாள் வாடகைக்குப் பிடித்து, காலை பத்து மணிக்குக் கர்த்தரைத் துதிக்க ஏற்பாடு செய்கிறார்களே, இந்தச் சாமர்த்தியம் நம் பாட்டன்மாருக்கு வாய்க்கவில்லை.

பாட்டன்மாருக்குத் தெரிந்ததெல்லாம் என்ன? தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் 1774-இல் பிறந்துவிட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் ஆராதனைப் பாடல் ஆல்பம் எதையும் கேட்கும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை. பாவம், கைக்கு எட்டிய குறவஞ்சியை எடுத்துப் பெத்லகேமுக்கு அனுப்பிவைத்தார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று உள்ளூர்ச் சரக்கிலேயே கீர்த்தனை கட்டினார். மதுரை அமெரிக்க மிஷனின் எட்வர்ட் வெப் 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்தவரே நம் ராகத்தைத் தேடி அலைந்தார் என்றால், அந்தக் காலம் எவ்வளவு பின்தங்கியிருந்தது பாருங்கள். அதன் பலனாக, எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாத பாட்டி ஆனந்தபைரவி என்ற பெயரே அறியாமல் ஆனந்தபைரவியில் பாடினாள். கோயில் முழுக்கப் பாடியது. ஒருவர் இழுப்பார், ஒருவர் முந்துவார், அட்டை கிழிந்த கீர்த்தனைப் புத்தகத்தை மூன்று பேர் பகிர்ந்துகொள்வார்கள். ஒழுங்கே கிடையாது.

புதிய சபைகள் இந்தக் குறையை அடியோடு நீக்கிவிட்டன. பாடுவது இப்போது மேடையில் நிற்கும் ஆறு பேரின் பொறுப்பு. கிட்டாருக்கு ஒரு கீறல் கிடையாது. டிரம்ஸ் கண்ணாடித் தடுப்புக்குள் பளபளக்கிறது. பாடுகிறவர்கள் காதைக் கருவியால் அடைத்துக்கொண்டிருப்பதால் சபையாரின் சத்தம் அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. சபையாரின் தொண்டையும் தேய்வதில்லை. சீனாய் மலையில் மேகம் இறங்கக் கர்த்தர் மனம் வைக்க வேண்டியிருந்தது. இங்கே ஒலிபெருக்கித் தம்பி பட்டனை அழுத்தினால் போதும், புகை மேடைக்கு வந்துவிடும்.

விளக்கை அணைத்து வைப்பது இன்னும் நுட்பமான ஏற்பாடு. அயலானை நேசிக்க வேண்டும் என்பது பழைய கட்டளை. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் முகமே தெரியாதபோது அதை மீறினோம் என்று யாரும் நம்மைக் குற்றம் சொல்ல முடியாது. பாவ அறிக்கையையும் எடுத்துவிட்டார்கள், வாரம் முழுதும் அலுவலகத்தில் நொந்தவர்களை இங்கேயும் நோகடிப்பானேன் என்ற இரக்கம்தான் காரணம். போன வாரம் கணவனை அடக்கம் செய்த பெண் வந்தாலும் முதல் பாட்டிலேயே கை தட்டிவிட வேண்டியதுதான், பாட்டு வரிசையில் துக்கத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. பழைய கோயிலில் நீண்ட பிரசங்கத்தின்போது கிடைத்த நல்ல தூக்கம் மட்டும் இங்கே கிடைக்காது. அந்த ஒரு நஷ்டத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்த வழியில் முன்னோடிகள் கண்ட வெற்றியும் சாதாரணமானதல்ல. கலிபோர்னியாவில் ராபர்ட் ஷுல்லர் 1955-இல் டிரைவ்-இன் தியேட்டரில் ஆராதனையைத் தொடங்கினார். காரை விட்டு இறங்காமலே கும்பிடலாம். 1980-இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகள் பதித்த மாளிகையே எழும்பிவிட்டது. 2010-இல் அந்தச் சபை திவாலாயிற்று. கட்டடத்தைக் கத்தோலிக்க மறைமாவட்டம் 5 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. இன்னொரு சபைக்காக இத்தனை கண்ணாடியைப் பதித்துக்கொடுத்த தியாகம் வேறு யாருக்கு வரும்?

சிகாகோ அருகே வில்லோ கிரீக் சபையைத் தொடங்கியவர்கள் முதலில் வீடு வீடாகப் போய், ஏன் கோயிலுக்கு வருவதில்லை என்று கேட்டார்கள். பிடிக்காதவற்றையெல்லாம் நீக்கி 1975-இல் வாடகைத் தியேட்டரில் ஆராதனை தொடங்க, ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 2007-இல் அவர்களே ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சபை நிகழ்ச்சிகளில் அதிகம் கலந்துகொள்வதால் மட்டும் கடவுள்மேலும் மனிதர்மேலும் அன்பு கூடுவதில்லை என்று அதில் கண்டார்கள். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு முப்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நம் தம்பிமார் அந்த ஆய்வைப் படிக்காததால் முப்பது ஆண்டு உற்சாகம் அவர்களுக்கு மிச்சம்.

யாரை ஈர்ப்பது என்பதிலும் இவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். மண்டபத்துக்கு வெளியே உஸ்மான் சாலையிலும் ரங்கநாதன் தெருவிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் துணி விரித்துக் காட்டுகிறார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அவர்களில் நிறைய. ஊர்க்கோயிலில் பாடகர் குழுவில் நின்ற பெண்களும் அவர்களுக்குள் உண்டு. 2010-இல் வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’வுக்குப் பிறகு இவர்களைத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. நாள் முழுதும் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2021-இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. மெத்தை நாற்காலி போட்டு ஆராதனை நடத்தும் சபைகள் இந்த விஷயத்தில் சட்டமன்றத்தோடு போட்டிக்குப் போகவில்லை. அரசியலில் தலையிடாத நல்ல பண்பு அது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தப் பிள்ளைகள் கவுண்டருக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஞாயிறுதான் வியாபாரம் அதிகம். கடை அடைத்து, கணக்கு முடித்து, விடுதிக்குத் திரும்ப இரவு வெகுநேரம் ஆகிவிடும். அந்த நேரத்தில் புகை வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம். உட்கார ஒரு பாய், ஒரு டம்ளர் டீ, தெரிந்த கீர்த்தனை ஒன்று போதும்.

ஆகவே, தி. நகரில் சபை தொடங்கும் தம்பிமாருக்கு என் பணிவான வேண்டுகோள்: விளக்கை மாற்றுங்கள், பாட்டை மாற்றுங்கள், மேடையைக்கூட மாற்றுங்கள். அந்தப் பத்து மணியை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அவர்கள் வந்துவிடுவார்கள்.