வகுப்புக்குப் போறவளை நிறுத்த ஆச்சி சொல்லும் வழி

வாலே மக்கா, திண்ணையில இரு. மூஞ்சி ஏன் வெயில்ல போட்ட ஓலையாட்டம் சுருண்டு கெடக்கு? தெரியும்லே. ஒம் பொண்டாட்டி சாயங்காலமானா சமுதாயக்கூடத்துக்குப் போறா, அதானே? அங்கன ஓலைப்பெட்டி முடையவும் பலகாரம் செய்யவும் வகுப்பு நடக்கு. “சோறு பொங்கத் தெரியாதவளா, பெட்டி முடையத் தெரியாதவளா, பொறவு எதுக்கு ஆச்சி வகுப்பு”ன்னு கேக்கே. நல்ல கேள்வி. ஒங்க தாத்தாவும் இப்படித்தான் நல்ல நல்ல கேள்வியா கேப்பாரு. பதிலு வாரதுக்குள்ள துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுப் போயிருவாரு.

நிறுத்தணும், அவ்வளவுதானே? நிறுத்திருவோம். நான் சொல்லுத மாதிரி செய்யி.

அவ முடைஞ்சு கொண்டார பெட்டியைக் கையில மட்டும் எடுத்துராத. எடுத்துப் பாத்தேன்னா அதுல கெடக்க வேலை தெரிஞ்சிரும். குருத்தோலையைக் காயவச்சு, ஈர்க்கை உருவி, நூல் புடிச்ச மாதிரி ஒரே அகலத்துல வகுந்து, சாயத்துல போட்டுக் கொதிக்கவச்சு, மறுபடி காயவச்சு, தண்ணி தெளிச்சுப் பதமாக்கி, அதுக்குப் பொறவுதான் முடையவே உக்காரணும். அடி பின்னுறது பச்சப்புள்ளையும் பின்னிரும். மூலை மடக்குறதுலதான் இருக்கு சூட்சுமம். ஒரு ஓலை இறுகிட்டா பெட்டி கோணிக்கிடும். நீ பாக்காத. பாத்தா, “இது நல்லாருக்கே”ன்னு வாய் தவறிச் சொல்லிருவே. கல்யாணத்துலருந்து இன்னைக்கு வரைக்கும் கட்டிக் காத்த வாயி, ஒரு பெட்டிக்காகக் கெடலாமா?

அடுத்தது, அங்கன என்ன பேசுதாளுவன்னு கேக்கவே கேக்காத. ரெண்டு கையிலயும் ஓலை இருக்கு, கண்ணு மூலையைப் பாத்துக்கிட்டு இருக்கு. எதுத்தாப்புல உள்ளவ மூஞ்சியைப் பாக்க வேண்டாம். அப்படி இருக்கப்பத்தாம்லே பொம்பளை மனசுல உள்ளதைச் சொல்லுவா. மேலத்தெருவுல ஒரு மருமவ, ரெண்டாவது புள்ளை பொறந்ததுலருந்து செவுத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா. மாமியாகாரி பேய்னா, புருசங்காரன் திமிருன்னான். அந்தப் புள்ளை வகுப்புக்கு வந்து, கொஞ்ச நாளு ஓலையை மட்டும் வகுந்து குடுத்துச்சு. ஒரு நாளு, “மூலை திரும்ப மாட்டேங்கு”ன்னுச்சு. அதோட, “ராத்திரி தூக்கமும் வர மாட்டேங்கு”ன்னுச்சு. யாரும் புத்தி சொல்லல. “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு தாயி”ன்னு ரெண்டு பேரு சொன்னாளுவ. மறுநாளு அவளுவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி நர்சம்மாகிட்ட காட்டுனாளுவ. ஓலை முடைஞ்சா எல்லா நோவும் தீரும்னு நான் சொல்ல மாட்டேன். நோவு இருக்குன்னு வெளிய சொல்ல ஒரு எடம் வேணும்லா?

இருலே, எந்திரிக்காத. மோசமானதை இன்னும் நான் சொல்லலை. அங்கன கணக்குச் சொல்லிக் குடுக்காவ. ஓலைக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆச்சு, எல்லாம் நோட்டுல எழுதணும். “நேரத்தை எதுக்கு எழுத, வீட்டுல சும்மா இருக்க நேரந்தானே”ம்பாளுவ மொத நாளு. மூணாம் நாளு எழுதுவாளுவ. இது பொல்லாத பழக்கம் பாத்துக்க. இன்னைக்குப் பெட்டிக்கு நேரம் போட்டவ, நாளைக்கு ஒன் சோத்துக்கும் துணிக்கும் நேரம் போடுவா. ராத்திரி பில்லை நீட்டுனான்னா எங்கிட்ட ஓடியாராத.

எனக்கு யாரு போட்டா? ஒங்க தாத்தா பனையேறிப் பதனி எறக்கிட்டு வந்து கலயத்தை வச்சா அவரு வேலை முடிஞ்சுது. அடுப்புல கெடந்து, பாகு பதம் வாரவரைக்கும் கிண்டி, செரட்டையில ஊத்தினது நானு. உடன்குடி கருப்பட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்துருக்காங்களாம். சந்தோசம். மரம் ஏறுனவருக்கு ஊருல பேரு, எனக்குப் புகையில கண்ணெரிச்சல். அந்தக் கண்ணைத்தான் போன மாசம் டாக்டரு பாத்துட்டு, “விறகடுப்பா பாட்டி”ன்னு கேட்டாரு.

பலகாரத்துக்கு வா. கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை அவ வருசா வருசம் அவிக்கா. நீயும் திங்கே. தட்டு காலியாச்சுல்லா, அதுவே பாராட்டுன்னு எந்திரிச்சுப் போறே. உப்பு கொறைஞ்சாத்தான் ஒனக்குப் பேச்சே வரும். வகுப்புல பத்துப் பேரு பிச்சுத் தின்னுட்டு, “ஏட்டி, சுக்கு எவ்வளவு போட்டே”ன்னு கேக்காளுவ. கேட்ட அன்னைக்கு ஒம் பொண்டாட்டி மூஞ்சியைப் பாத்துருக்கணும் நீ. அதுக்குத்தாம்லே அவ போறா.

டி.வி.யில ஒரு நாளு சொன்னான். 1959ல பம்பாயில ஏழு பொம்பளையோ மொட்டை மாடியில கூடி, 80 ரூவா கடன் வாங்கி அப்பளம் போட்டாளுவளாம். மொத நாளு நாலு பாக்கெட்டு. அதுதான் லிஜ்ஜத். இன்னைக்கு 40 ஆயிரத்துக்கு மேல பொம்பளையோ அதுல பங்குக்காரி. ஆம்பளைக்கும் வேலை இருக்கு, வண்டி ஓட்டலாம், காவலுக்கு நிக்கலாம். பங்குதான் கெடையாது. எவ்வளவு அநியாயம் பாத்தியா!

நம்ம பக்கமும் கத இருக்கு. 1989ல தருமபுரியில சுய உதவிக் குழு ஆரம்பிச்சு, பைய ஊர் ஊரா வந்து, இங்கயும் வந்துச்சு. நான் குழுவுல கையெழுத்துப் போட்டா வீடு ஏலத்துக்குப் போயிரும்னாரு ஒங்க தாத்தா. மறு வருசம் வீட்டுக்கு ஓடு மாத்தத் துட்டு வேணும்னு வந்து நின்னாரு, அதே கையெழுத்துக்கு. குழுன்னு பேரு வச்சுக்கிட்டு வாராவாரம் வாசல்ல நின்னு வட்டி வாங்குதவன் வேற, இது வேற. அதையும் இதையும் போட்டுக் கொழப்பாத.

எல்லா வகுப்பும் உருப்படும்னும் சொல்ல மாட்டேன். சில எடத்துல சர்ட்டிபிகேட்டு குடுத்து, வரிசையா நிக்கவச்சுப் போட்டோ புடிச்சு, அதோட போயிருவானுவ. செஞ்ச சாமானை யாரு வாங்குவான்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். மணப்பாட்டுல ஓலைச் சாமானுக்குன்னே பொம்பளையோ கூட்டுறவுச் சங்கம் இருக்கு, அதான் அங்க முடையுதது நிக்கலை. 2019 சனவரியில பிளாஸ்டிக்குக்குத் தடை போட்டாவல்லா, அப்ப மிட்டாய்க்கடைக்காரன் நம்மளையும் தேடி வந்தான். தடை எவ்வளவு நடக்குங்கது வேற பேச்சு. பாலிதீன் பையிலதான் நீ எனக்கே வெத்தலை வாங்கிட்டு வந்துருக்கே.

யாரு சொல்லிக் குடுக்கான்னு கேக்கவே இல்லையேலே? ஓலைக்கு நாந்தான். மாஸ்டருங்காளுவ. வாரத்துக்கு இவ்வளவுன்னு கையில துட்டும் தாராவ. அறுபது வருசமா முடைஞ்சேன், ஒருத்தன் ஒரு டீ வாங்கித் தந்ததில்லை.

சரி, வழி கேட்டேல்லா? ஒரே வழிதான். அவ போறதுக்கு முன்னால நீ கூடத்துல போயி நிக்கணும். கொல்லையில ரெண்டு கட்டு ஓலை கெடக்கு, எனக்கு மூட்டு வலிக்கி. பைக்குல வச்சு அங்கன எறக்கிரு. அவ வந்ததும் ஒம் புள்ளையை வாங்கிட்டு வீட்டுக்குப் போ. அவ வர எட்டு மணி ஆவும். ஒலை வச்சு அரிசி போட்டு வடிச்சிரு. தண்ணி எவ்வளவுன்னு தெரியாதா? வகுப்புல சேந்துக்கோ, நான் சொல்லி எடம் வாங்கித் தாரேன். என்னலே முழிக்கே, கட்டைத் தூக்கு.