அரைக் கெனால் ஆசாமி

பல் கிளினிக் வாசலில் ஒற்றைச் செருப்பைக் கழற்றும்போது அவருக்குப் பல்வலி நின்றுவிடும். அதுவரை ஆட்டோவில் கன்னத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் நகராட்சியைச் சபித்துக்கொண்டு வந்தவர்தான். உள்ளேயிருந்து அந்த மெஷின் ‘ங்ஙீ’ என்று ஒரு முறை கத்தியதும் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. “இப்பப் பரவாயில்ல. அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று மனைவியிடம் அறிவித்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே ஏறி உட்கார்ந்துவிடுவார்.

கும்பகோணம் வட்டாரத்தில் மட்டும் இவரைப் போல எத்தனையோ பேர். ஒருவர் மளிகைக்கடை, ஒருவர் எல்.ஐ.சி., ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஆள்தான் வேறு, கடவாய்ப் பல் ஒன்றே. எல்லாரையும் சேர்த்து அரைக் கெனால் ஆசாமி என்று வைத்துக்கொள்வோம். பெயர்க் காரணம் போகப்போகத் தெரியும்.

ஆசாமியின் வைத்தியம் அஞ்சறைப் பெட்டியில் தொடங்கும். கிராம்பைக் குறை சொல்ல மாட்டேன். அதிலுள்ள யூஜினால் நிஜமாகவே கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும். துத்தநாக ஆக்சைடில் குழைத்துத் தற்காலிக அடைப்பாக டாக்டர்களும் அதையே வைக்கிறார்கள். பல் கிளினிக்குக்கென்று ஒரு வாசனை உண்டே, அதில் பெரும்பங்கு கிராம்புதான். ஆனால் ஆசாமிக்கு எதிலும் தாராளம். கிராம்பு எண்ணெயைப் பாட்டிலோடு கவிழ்ப்பார், ஈறு வெந்துபோகும். அடுத்தது மாமியார் ஊரிலிருந்து கண்டங்கத்திரி விதை வரும். நெருப்பிலிட்டு வாய்க்குள் புகை பிடித்தால் பல்லிலுள்ள பூச்சி பொத்துப் பொத்தென்று விழும் என்பது ஐதீகம். பல்லில் பூச்சி கிடையாது. நாம் தின்ற சர்க்கரையைத் தின்று பாக்டீரியா கக்கும் அமிலம்தான் குழி தோண்டுகிறது. புகையில் பூச்சி விழவில்லை. ஆசாமிதான் விடிய விடிய இருமினார்.

கடைசியில் மெடிக்கல் கடைத் தம்பி. எந்தப் பல், எத்தனை நாளாக என்று அவர் கேட்பதில்லை. வலிக்கு மூணு, ஆன்டிபயாட்டிக் மூணு, கேஸுக்கு மூணு என்று அட்டையைக் கத்திரியால் நறுக்கிச் சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பார். அதிலும் ஆசாமி பாதிதான் சாப்பிடுவார். மீதி அலமாரியில், அடுத்த பல்லுக்கு.

பகலில் எப்படியோ ஓடிவிடும். இரவு படுத்ததும் பல் விழித்துக்கொள்ளும். பல்லின் நடுவே ரத்தக் குழாய்களும் நரம்பும் நிறைந்த கூழ் ஒன்று இருக்கிறது. சொத்தை அதைத் தொட்டுவிட்டால் கூழ் வீங்கும். சுற்றிலும் கெட்டிச் சுவர், விரிய இடமில்லை. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் ஏற, வலி விண் விண்ணென்று தெறிக்கும். ஜில்லென்று தண்ணீர் பட்டுச் சுரீரென்று வலித்துச் சில நொடியில் அடங்கினால், சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும் என்று டாக்டர் சொல்லக்கூடும். தண்ணீர் போய் நிமிடக்கணக்கானாலும் வலி போகாமல் நின்றால், அல்லது ஒன்றுமே படாமல் தானாக வலித்தால், கூழ் பிழைக்காது. ரூட் கெனால் என்கிற வேர் சிகிச்சைக்கு அதுதான் நேரம்.

ஆசாமி அந்த நேரத்தைத் தாண்டிப் போவார். ஒரு நாள் காலையில் எழுந்தால் வலியே இல்லை! “கிராம்பு கேட்டுச்சு பாத்தியா?” என்று காபியைச் சூடாக வாங்கிக் குடிப்பார். கூழ் செத்துவிட்டது, வலிக்க உள்ளே ஆளில்லை, அவ்வளவுதான். கிருமிகளோ வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். அலமாரி மாத்திரையும் இனி உதவாது. செத்த பல்லுக்குள் ரத்தம் போவதில்லை. ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரை எந்த வழியாகப் போகும்?

பிறகு கன்னம் வீங்கும். பெரும்பாலும் மச்சினி மகள் கல்யாணத்துக்கு முதல் நாள். (இங்கே மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன். தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, காய்ச்சலடித்து, வாய் திறக்கவோ எச்சில் விழுங்கவோ கஷ்டமானால், மூச்சுத் திணறினால், காலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீழ்க் கடவாய்ப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கினால் உயிருக்கே ஆபத்து.)

இப்போது செருப்பு இரண்டையும் கழற்றிவிட்டு உள்ளே போவார். “டாக்டரம்மா, புடுங்கிடுங்க” என்பார். அடுத்த மூச்சில், “வேணாம், புடுங்கினா கண்ணு போயிடும்ங்கறாங்க.” அந்த இளம் டாக்டர் இதை ஆயிரம் முறை கேட்டிருப்பார் போல. பல்லின் உணர்வைச் சுமப்பது ஐந்தாவது மூளை நரம்பு, பார்வையைச் சுமப்பது இரண்டாவது, ஒன்று போனால் மற்றது போகாது என்று பொறுமையாகச் சொல்வார்.

“சுகர் இருக்கா சார்?”

“அதெல்லாம் இல்லம்மா.”

“ஏங்க, காலையில போட்டுக்கிட்டீங்களே ஊசி?” என்பார் மனைவி.

“அது சுகருக்கு. இவங்க பல்லுக்குல்ல கேக்கறாங்க?”

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் இதே நியாயப்படி ‘ஹார்ட் கணக்கில்’ எழுதி மறைத்துவிடுவார். டாக்டர் இதையெல்லாம் கேட்பது ஊர்வம்புக்காக அல்ல. மாத்திரையை நாமாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம், சொல்லிவிட்டால் போதும்.

ஆசாமிக்கு நாலு மா நிலம் உண்டு என்று தெரிந்ததும் டாக்டர் அந்தப் பக்கமாகப் போனார். “ஜூன் 12 மேட்டூர் தொறக்கறதுக்கு முன்னால வாய்க்கால் தூர் வாருவாங்கல்ல சார்? கடைமடை வரைக்கும் வாரினாத்தானே தண்ணி வரும்? இதுவும் அதேதான். நுனி வரைக்கும் வாரி, கழுவி, அடைக்கணும்.” ஆசாமி முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “கான்ட்ராக்டர் மாதிரி மேலாக்க வாரிட்டு பில்லு போட்டுட மாட்டீங்களே?”

சீழும் அழற்சியும் முற்றிய இடத்தில் மரக்கும் ஊசி லேசில் பிடிக்காது. முதல் வாரமே வந்திருந்தால் ஓர் ஊசியோடு போயிருக்கும். இவருக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. பிறகு பல் மட்டும் வெளியே தெரியும்படி ஒரு ரப்பர் விரிப்பை வாயில் மாட்டினார்கள். எச்சில் பல்லுக்குள் போகாமலும், ஊசியளவு கருவிகள் தொண்டைக்குள் நழுவாமலும் காப்பதற்காக அது. கணவர் பேச முடியாமல் அரை மணி நேரம் கிடந்ததில் மனைவிக்கு அந்த விரிப்பின் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

முன்பல்லுக்குப் பெரும்பாலும் வேர்க்குழாய் ஒன்று. கீழ்க் கடவாய்ப் பல்லுக்கு வழக்கமாக மூன்று. மேல் கடவாய்ப் பல்லில் நாலாவது ஒன்று அடிக்கடி ஒளிந்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் டாக்டரின் திறமை. முடி கனத்துக்கு இழைத்த அரங்களால் ஒவ்வொரு குழாயாகச் சுரண்டி, துணி வெளுக்கும் திரவத்தின் இனமான சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவுகிறார்கள். வேர் நுனி எங்கே முடிகிறது என்று பார்க்க ‘பீப்’ அடிக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. அந்தப் பீப் சத்தத்தையும் மீறி ஒரு சத்தம் கேட்டது. ஆசாமியின் குறட்டை.

உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். சில பற்களுக்கு ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். சீழ் வைத்த பல்லுக்குப் பெரும்பாலும் இப்படித்தான்.

தெருவுக்கு வந்து ‘தூங்கிட்டேன்’ என்று சொன்னால் ஆசாமியின் மானம் என்னாவது? “மொத்தம் எட்டு ஊசி. நரம்ப உருவினாங்க பாருங்க, உச்சந்தலை வரைக்கும் இழுத்துச்சு” என்று டீக்கடையில் ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்தவருக்கும் ஒரு பல்லில் லேசாக வலி. அவர் நேரே வீட்டுக்குப் போய் ஒரு கிராம்பை எடுத்து வைத்துக்கொண்டார். ரூட் கெனாலைப் பற்றி ஊரில் உலவும் பயத்தில் பெரும்பகுதி இந்த வகையில் உற்பத்தியானது.

அடுத்த வாரம் வந்தது. வலி இல்லை. வலி இல்லாத பல்லுக்கு யாராவது ஆட்டோ செலவு செய்வார்களா? கிளினிக்கிலிருந்து போன் வந்தால் பேரனிடம் கொடுத்து, “தாத்தா குளிக்கறாருன்னு சொல்லு” என்பார். மாலை நாலு மணிக்கும் குளிப்பார்.

எனவே அவர் பார்க்காததை நான் சொல்கிறேன். சுத்தமான குழாய்களை கட்டாபெர்ச்சா என்னும் ரப்பர் போன்ற பொருளால் இறுக்கி அடைப்பார்கள். மலாய் நாட்டு மரமொன்றின் பாலிலிருந்து வருவது. 19ஆம் நூற்றாண்டில் கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக இருந்தது அதுதான். கண்டங்களை இணைத்த சரக்கு ஆசாமியின் வாய்க்குள் நுழையக் கொடுத்து வைக்கவில்லை. பிறகு மேலே நிரந்தர அடைப்பு; கடவாய்ப் பல்லாயிருந்தால் அதன்மேல் கேப். சொத்தையும் துளையும் தின்றது போக மிஞ்சிய சுவர்கள் பலவீனமானவை. அரைக்கிற பாரத்தை மூடியில்லாமல் தாங்காது. புதுப் போன் வாங்கிய மாலையே கவரும் கண்ணாடியும் மாட்டுகிற ஆசாமி, கேப் என்றதும் “அது டாக்டருங்க காசு பாக்கற வழி” என்பார்.

கோகுலாஷ்டமிச் சீடை வந்தது. கடித்தார். தற்காலிக அடைப்பு சுவடே இல்லாமல் போய், அப்படியே நின்றிருந்த பல் வேர் வரைக்கும் இரண்டாகப் பிளந்தது. பிளந்த வேரை ஒட்ட வைக்க வழியில்லை. பிடுங்கித்தான் ஆக வேண்டும். காலியிடத்துக்கு எலும்பில் திருகு இறக்கி இம்பிளான்ட் வைக்கலாம், அல்லது இரண்டு பக்கத்துப் பற்களையும் இழைத்துப் பாலம் கட்டலாம். பொதுவாக எதற்கும் ரூட் கெனாலும் கேப்பும் சேர்ந்த செலவைவிடக் கூடத்தான் ஆகும்.

ஆசாமியை மட்டும் திட்டி முடித்துவிட்டால் நியாயமில்லை. சில ஆயிரம் ரூபாய் என்பது பல வீட்டில் ஒரு மாத மளிகை. கேப் தனிக் கணக்கு என்று முதல் நாளே சொல்லாத கிளினிக்குகளும் உண்டு. எத்தனை தடவை வரணும், எக்ஸ்ரே, கேப் எல்லாம் சேர்த்து எவ்வளவு, தவணையாகக் கொடுக்கலாமா என்று ஊசி போடும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் கோபிக்கிற டாக்டரை மாற்றிவிடலாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், தனியார் பல் கல்லூரி மருத்துவமனைகளிலும் செலவு வெகுவாகக் குறையும். மாணவர்கள் பார்ப்பதால் நேரம் கூடும், பேராசிரியர் மேற்பார்வை இருக்கும். சிகிச்சை முடிந்தபின் இரண்டொரு நாள் கடித்தால் லேசாக வலிப்பது சகஜம். வீங்கினால், காய்ச்சலடித்தால் திரும்பப் போக வேண்டும். வாய் மரத்திருக்கும்போது சாப்பிட வேண்டாம்; உதட்டைக் கடித்துக்கொண்டு அதற்கும் டாக்டரையே குற்றம் சொல்ல நேரும்.

தற்காலிக அடைப்பின் ஆயுள் சில வாரங்கள்தான். உங்கள் வாயிலும் அப்படி ஒன்று பல மாதமாக நிரந்தர வாசம் செய்கிறதென்றால், வலிக்காமல் இருக்கும்போதே கிளினிக்குக்கு ஒரு போன் போடுங்கள். அவர்கள் நோட்டில் உங்கள் பெயர் இன்னும் அடிக்கப்படாமல்தான் இருக்கும்.