எத்தனை ஜி.பி.?

சனிக்கிழமை சாயங்காலம் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் ஜி.பி. அண்ணனைப் பார்க்காமல் திரும்ப முடியாது. அவர் ஒரே ஆள் இல்லை; கடைக்கு ஒருவர் இருப்பார். தனக்கென்று எதுவும் வாங்க வந்திருக்க மாட்டார். அக்கா பையனுக்கோ மேல்வீட்டுக்காரர் மகனுக்கோ கிராபிக்ஸ் கார்டு வாங்கிக் கொடுக்க வந்திருப்பார். பணம் தரப்போகிறவர் இரண்டடி பின்னால் பவ்யமாக நிற்பார். கேம் ஆடப்போகிற பையன் அதற்கும் பின்னால், வாய் திறக்க அனுமதி இல்லாமல்.

அண்ணன் பெட்டியைக் கையில் வாங்கித் திருப்புவார். சிப் என்ன, எந்த வருஷத்துச் சரக்கு, எத்தனை வாட் இழுக்கும் என்பதெல்லாம் அவருக்குச் சில்லறை விவகாரம்.

"எத்தனை ஜி.பி.?"

"எட்டு சார்."

"எட்டுதானா? என் போன்லயே பன்னிரண்டு இருக்கே!"

இதற்குப் பதில் சொல்லக்கூடிய கடைப்பையன் இன்னும் பிறக்கவில்லை. அந்த மெமரி வேறு, இந்த மெமரி வேறு என்று ஆரம்பித்தால், "எனக்கே சொல்றியா தம்பி?" என்பார். தம்பி நிறுத்திக்கொள்வான். வியாபாரம் முக்கியம்.

கார்டு தயாரிக்கும் கம்பெனிகளுக்கு அண்ணனை நன்றாகத் தெரியும். 2014-இல் வந்த ஜிடி 730 என்ற எளிய கார்டு அவரை மனத்தில் வைத்தே பல அவதாரங்கள் எடுத்தது. ஒன்றில் வேகமான ஜிடிடிஆர்5 மெமரி. நொடிக்கு 40 ஜி.பி. தரவு போய்வரும். இன்னொன்றில் மந்தமான டிடிஆர்3, நொடிக்கு 14.4 ஜி.பி.தான். ஆனால் அந்த மந்த மெமரியைத்தான் சிலர் 4 ஜி.பி. வரைக்கும் அடைத்து, பெட்டி மேல் '4' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டார்கள். அண்ணன் எதை எடுத்திருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஒரு வாரத்தில் மருமகனிடமிருந்து போன் வரும். "மாமா, கேம் நின்னு நின்னு ஓடுது."

"உங்க வீட்டு நெட் ஸ்லோவா இருக்கும்டா."

"இது நெட் இல்லாம ஆடுற கேம், மாமா."

"அப்ப டிரைவர் அப்டேட் பண்ணு." போன் கட்.

மந்திரம் ஒன்றும் இல்லை. கல்யாண மண்டபத்து உக்கிராண அறையில் அரிசி மூட்டைகளை உத்தரம் வரை அடுக்கிவிட்டு, அடுப்பில் ஒரே சமையற்காரரையும், மூட்டை தூக்க ஒரே எடுபிடியையும் விட்டால் பந்தி நடக்குமா? மெமரி உக்கிராணம், சிப் சமையற்காரர், எடுபிடிகளின் எண்ணிக்கைதான் 64 பிட், 128 பிட் என்று பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பது. பொடி எழுத்தைப் படிக்க அண்ணன் கண்ணாடி கொண்டுவந்திருக்க மாட்டார்.

அவர் மனம் உடைந்த கதை ஒன்று உண்டு. ஜிடிஎக்ஸ் 970 கார்டில் 4 ஜி.பி. இருந்தும் அதில் கடைசி அரை ஜி.பி. ஆமை வேகத்தில்தான் ஓடும் என்பது 2015-இல் அம்பலமாயிற்று. அமெரிக்காவில் வழக்குப் போட்டு, கார்டுக்கு 30 டாலர் தர 2016-இல் சமரசம் ஆனது. அண்ணனிடம் அந்தக் கார்டு இருந்ததே இல்லை. இருந்தாலும், "அரை ஜி.பி.யை அமுக்கிட்டான் சார்" என்று சொல்லும்போது அவர் குரல் கம்மும்.

அப்படிப்பட்டவருக்கு 2021-இல் யோகம் அடித்தது. என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜி.பி. வைத்தது. அதைவிட விலையும் வேகமும் கூடிய 3070-இல் 8; இன்னும் மேலே இருந்த 3080-இல் 10. காரணம் எளிது. 3060-இன் மெமரிப் பாதை 192 பிட். அந்தப் பாதைக்கு ஆறு மெமரி சில்லுகள். சில்லுக்கு ஒன்று என்றால் 6 ஜி.பி., இரண்டு என்றால் 12. நடுவில் நிற்க இடம் இல்லை. ஆறு போட்டால் ஊர் சிரிக்கும், பன்னிரண்டு போட்டார்கள். அண்ணனின் கணக்கில் 3060 ராஜா, 3080 அதற்கு மந்திரி. மறுத்துப் பேசினவர்களிடம், "கம்பெனிக்காரன் முட்டாளா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

2023-இல் இன்னும் மோசம். அண்ணன் சொன்னது பலிக்க ஆரம்பித்தது. ஹாக்வார்ட்ஸ் லெகசி, தி லாஸ்ட் ஆஃப் அஸ் போன்ற விளையாட்டுகள் 8 ஜி.பி. கார்டுகளை மூச்சுத் திணற வைத்தன. சுவர்கள் சேறு பூசியதுபோல் தெரிந்தன, காட்சிகள் திக்கின. அதே ஆண்டு ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ வந்தது: 8 ஜி.பி. 399 டாலர், 16 ஜி.பி. 499 டாலர். இரண்டிலும் சிப் ஒன்றே, பாதை அதே 128 பிட், வேகம் அதே நொடிக்கு 288 ஜி.பி. பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மெமரி நிரம்பும் இடத்தில் மட்டும் சின்னது தடுமாறியது, பெரியது நின்றது. அந்த நிம்மதிக்கு நூறு டாலர் அதிகம் என்பது என் கட்சி. 2025-இல் 5060 டிஐ வந்தபோது இடைவெளி 50 டாலராகக் குறைந்தது: 379, 429. அந்த விலைக்கு அண்ணன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்தால் மெமரி இரட்டிப்பானது.

அண்ணனுக்கு ஒரு பங்காளி உண்டு, லைட் தம்பி. மூன்று விசிறி, வானவில் விளக்கு, பெட்டியில் 'ஓசி' (ஓவர்கிளாக்) என்ற இரண்டெழுத்து இருந்தால் போதும், சில ஆயிரம் கூடுதலாக எடுத்து வைப்பார். கார்டு கொஞ்சம் சத்தமில்லாமல் ஓடும், சூடு குறையும். வேகம் கூடுவது நூற்றுக்கு இரண்டு, மூன்று. அவரைப் பற்றி எழுத வேறு கட்டுரை வேண்டும்.

இப்போது அண்ணன் ஏ.ஐ. கற்றுக்கொண்டிருக்கிறார். மொழி மாதிரிகளை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓட்ட மெமரிதான் முக்கியம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். துரதிர்ஷ்டவசமாக அதுவும் உண்மை. சீனப் பட்டறைகளில் பழைய 2080 டிஐ கார்டின் 11 ஜி.பி. சில்லுகளைக் கழற்றி, 22 ஜி.பி. வரும்படி இரட்டிப்புச் சில்லுகளைப் பற்றவைத்து விற்கிறார்கள். கேள்விப்பட்ட நாளிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் இல்லை. "வாரன்டி?" என்றால், "கடைக்காரர் பில்லிலேயே எழுதித் தர்றேன்னு சொல்லியிருக்கார்" என்கிறார். கார்டைச் செய்த கம்பெனி அந்த எழுத்தை ஏற்காது. பற்றவைத்த இடம் விட்டுப்போனால் சரிசெய்யத் தெரிந்தவர்கள் மட்டும் வாங்கலாம். அண்ணனுக்கு சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரியாது.

நீங்கள் கார்டு வாங்கப் போனால் பின்பக்கப் பொடி எழுத்தை முதலில் படியுங்கள். சிப்பும் பிட்டும் மெமரி ரகமும் ஒன்றாக இருந்து அளவு மட்டும் இரட்டிப்பு என்றால், விலை வித்தியாசம் சின்னதாக இருக்கும்பட்சத்தில் பெரியதையே எடுங்கள். டிடிஆர்3 என்றோ 64 பிட் என்றோ கண்ணில் பட்டால், மேலே எத்தனை ஜி.பி. போட்டிருந்தாலும் பெட்டியை வைத்துவிடுங்கள். பக்கத்தில் அண்ணன் நின்றால் கையெட்டும் தூரத்தில் வைக்க வேண்டாம்.