அகத்தியரின் தலைக்கு மேல்

அகத்தியர்கூடம் மலையேற்றம் போனக்காட்டில் தொடங்குகிறது. ஓடாத தேயிலைத் தொழிற்சாலை, இடிந்துவரும் லயங்கள், அவற்றில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். தலைக்கு மேலே 1,868 மீட்டரில் குறுமுனி. பூமி ஒருபக்கம் சாய்ந்தபோது சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவர் என்பது புராணம். வானத்தையும் சமன்செய்யச் சொன்னால், கமண்டலத்தைக் கவிழ்த்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

இதே திருவனந்தபுரம் மாவட்டத்துத் தும்பாவில்தான் 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. அப்போது அங்கிருந்த தேவாலயமே அலுவலகம். அங்கே வளர்ந்த மையம் வடிவமைத்த பி.எஸ்.எல்.வி., 2019 ஜனவரியில் மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளை ஏற்றியது. மார்ச் 27 அன்று டி.ஆர்.டி.ஓ. ஏவுகணை அதைச் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் சுக்குநூறாக்கியது. சொந்தப் பானையை உடைத்துக் காட்டிப் பக்கத்து வீட்டுக்காரனை மிரட்டும் கலை இது. சீனா 2007இலேயே தன் பானையை உடைத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சில்லுகளைச் சிதறவிட்டது.

1967 விண்வெளி ஒப்பந்தம் சுற்றுப்பாதையில் அணுகுண்டு வைக்கக் கூடாது என்கிறது. கல்லெறிவதைப் பற்றி மூச்சில்லை.

2008இல் தன் கோளைச் சுட்ட அமெரிக்கா, 2022இல் இனி இத்தகைய சோதனை இல்லை என்று ஞானம் பெற்றது. அந்த டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் அதே உறுதியைக் கோரும் தீர்மானத்தை 155 நாடுகள் ஆதரித்தன. இந்தியா, மொய்யும் எழுதாமல் சண்டையும் போடாமல் வாசலில் நிற்கும் பங்காளிபோல, வாக்களிக்கவில்லை.

இந்தியா உடைத்த கோளின் துண்டுகள் 45 நாளில் விழுந்துவிடும் என்றார்கள். சில ஓராண்டு தாண்டியும் சுற்றின. சொன்ன கெடுவுக்கு முன்பே விழுவது லயத்துக் கூரை மட்டும்தான்.