பியூஸ் பிடுங்கி அப்பா

விருத்தாசலத்தில் இரவு ஒன்பதரைக்கு ஒரே ஒரு வீட்டில் மட்டும் வைஃபை போனால் மின்வாரியத்தைத் திட்டாதீர்கள். அங்கே ஒரு பியூஸ் பிடுங்கி அப்பா குடியிருக்கிறார்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. வெளியூர்க்காரர் மோடத்தை அணைப்பார், சார்ஜரை ஒளித்துவைப்பார். நம்மவர் பீங்கான் ஊர்க்காரர். இன்சுலேட்டரும் பியூஸ் கேரியரும் அகல்விளக்கும் பொம்மையும் சுட்டு அனுப்பும் தொழிற்பேட்டையில் பாதி ஆயுளைக் கழித்தவர். தெருவே எம்.சி.பி.க்கு மாறிய பிறகும் ஹாலுக்கு மட்டும் வெள்ளைப் பீங்கான் கேரியரை விட்டுவைத்திருக்கிறார். ஒன்பதரை அடித்ததும் அதைப் பிடுங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, தேசத்தைக் காத்த திருப்தியோடு தூங்குவார். பத்தாவது படிக்கும் மகன் மொட்டைமாடிக்குப் போய் மொபைல் டேட்டாவில் மிச்சத்தைப் பார்ப்பான். அந்த டேட்டாவுக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறவரும் அப்பாதான். அவருக்கு ரீசார்ஜ் செய்யத் தெரியாது என்பதால் அதையும் மகனே செய்துகொள்கிறான்.

யாரோ சொன்னார்கள் என்று கண்காணிப்புச் செயலி ஒன்றைப் போடப் போனார். அதை ஏற்றும் வேலையையும் மகனிடமே கொடுத்தார். பையன் சிரத்தையாக ஏற்றினான். இப்போது இரவு பத்தானால் பூட்டிக்கொள்வது அப்பாவின் போன்.

செய்தித்தாளில் தன் கொள்கைக்கு ஆதாரம் கிடைத்துவிட்டால் அவரைப் பிடிக்க முடியாது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை என்று தமிழ்நாடு 2025இல் விதி கொண்டுவந்தது. ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. “பாத்தியாடா, கவர்மெண்டே பியூஸப் புடுங்குது!” என்று வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தார். 18 வயது ஆகாதவர்கள் பகலிலும் ஆடக்கூடாது என்று அதே விதியில் இருப்பதையும், ஆகஸ்டில் பண விளையாட்டையே மொத்தமாகத் தடுக்க மத்தியச் சட்டம் வந்ததையும் சொன்னவன் மகன். டிசம்பரில் ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கூடாது என்றபோது, “அது நாடு!” என்று பெருமூச்சு விட்டார். பெருமூச்சு விட்டபடியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில், வெந்நீரில் எலுமிச்சை பிழிந்தால் போகும் வியாதிகளின் பட்டியலை அனுப்பினார். காலையிலிருந்து அது எத்தனையாவது என்று அவர் மனைவியைக் கேட்டால் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் சாயங்காலம் குறுஞ்செய்தி வந்தது. போன மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள். நாடெங்கும் பலர் ஏமாந்த பழைய தூண்டில்தான் அது. பியூஸ் பிடுங்கிக்கே பியூஸ் பிடுங்கப்போகிறார்கள்! பதறிப்போய் அழைத்தார். மறுமுனைக்காரர் மரியாதையாக ஏதோ செயலியை இறக்கச் சொன்னார். பத்து ரூபாய் மட்டும் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். விரல் போகிற நேரத்தில் மகன் போனைப் பிடுங்கினான்.

“பெரிய இவனாட்டம் புடுங்குற! நம்ம மணிமுத்தாத்துல சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னப் போட்டுட்டு, திருவாரூர்க் கொளத்துல எடுக்கல? நம்பிக்கை வேணும்டா.”

“அவரே பொன்னுல மாதிரிக்குக் கொஞ்சம் மச்சம் வெட்டிக் கையில வச்சிக்கிட்டுத்தாம்ப்பா போட்டாரு, ஒத்துப்பாக்க. நீ யாரு எவருன்னுகூட கேக்கல.”

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அடிக்க வேண்டும் என்றும் சொன்னான். பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்களாம். அப்பாவுக்கு அந்த எண்ணும் தெரியாது, பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் நடக்கிறது என்பதும் தெரியாது.

அன்று ராத்திரிதான் பையன் இன்னொன்றையும் சொன்னான், அம்மாவிடம் மட்டும். விளையாட்டு ஒன்றில் பழக்கமான முகந்தெரியாத ஆள் ஒருவன் போட்டோ அனுப்பச் சொல்லி நச்சரித்திருக்கிறான். பையன் அவனைத் தடுத்துவிட்டு, மாதக்கணக்கில் வாயைத் திறக்கவில்லை. ஏன் என்றால், “சொன்னா போனப் புடுங்கிருவாரு.” என்னைக் கேட்டால், ஒன்பதரைக்குப் பிடுங்கிய பியூஸ்கள் எல்லாம் சேர்ந்து சம்பாதித்துக் கொடுத்தது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். இதே மனிதர் சூளையடியில் எவ்வளவு பொறுமைசாலி! ஆயிரத்து இருநூறு டிகிரியைத் தாண்டிய சூளையின் கதவை அவசரப்பட்டுத் திறக்கப்போன புதுப்பையனை, “ஆறட்டும்டா, வெடிச்சிரும்” என்று விரட்டியவர். வீட்டுக்கு வந்தால் அவருக்கு டிகிரியும் தெரிவதில்லை, ஆறவிடவும் தெரிவதில்லை.

மறுவாரம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார், பிராது கட்ட. குறையைத் தாளில் எழுதி முருகனிடம் வைத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டிவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். ஊரிலிருந்து கோயில் எத்தனை தூரமோ அதற்கேற்பக் கட்டணம். குறை தீர்ந்தால் ராஜினாமா எழுதிக்கொடுத்து பிராதைத் திரும்பப் பெற வேண்டும். ‘என் மகன் செல்போனை விட்டொழிக்க வேண்டும்’ என்று எழுதினார். பக்கத்திலேயே உட்கார்ந்து மகனும் ஒரு தாள் கேட்டான். ‘சாப்பிடும்போது எங்கப்பா செல்போனைக் கீழே வைக்க வேண்டும்.’

“வாதியும் பிரதிவாதியும் ஒரே வூடு, ஒரே தூரம். இதுக்கு எதுக்கு ரெண்டு கட்டணம்?” என்று அம்மா இரண்டு தாளையும் வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டுக்கு வந்து அவரே தீர்ப்பு எழுதினார். சாப்பாட்டு வேளையில் மூன்று போனும் பிரிட்ஜ் மேலே. ராத்திரி மூன்றும் ஹாலில்தான் சார்ஜ் ஏற வேண்டும். யாருக்கு என்ன வம்பு வந்தாலும் சொல்லலாம். சொன்னதற்காகப் போனைப் பிடுங்கக் கூடாது. அப்பா கடைசி வரியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கேரியர் அதன் இடத்துக்கே போய்விட்டது.

தகராறு முதல் வரியில்தான். ‘கிரிக்கெட் நாட்கள் நீங்கலாக’ என்று அதில் சேர்க்கச் சொல்லி, அப்பாவும் மகனும் ஒரே கட்சியாக நின்று அம்மாவிடம் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.